கேட்காத கேள்வி

ஆள் எடுப்பதுதான் அவளுடைய தொழில். நேர்முகத் தேர்வுக்கு வந்து பதறுகிறவர்களிடம் அவள் தவறாமல் சொல்வது ஒன்றுதான்: "கேள்வியை முழுசாக் கேளுங்க. ஒரு மூச்சு விட்டுட்டு அப்புறமா பதில் சொல்லுங்க."

கணக்காளர் வேலைக்கு வந்தவரும் அதற்குத் தலையாட்டினார். ஆனால் பழைய வேலையை ஏன் விட்டார் என்று கேட்க அவள் வாயெடுப்பதற்குள், "முதலாளி கம்பெனியை மூடிட்டார் மேடம்" என்றார். எல்லாரும் எதிர்பார்க்கும் கேள்விதானே என்று அவள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். இவர் சட்டையில் ஒரு பொத்தான் மட்டும் ஏன் வேறு நிறம் என்று சும்மா நினைத்தாள்.

"காலையில அறுந்துடுச்சு. கையில கிடைச்சதை வச்சு மனைவி தைச்சா," என்றார் அவர், குனிந்து பார்க்காமலே.

அதை அவள் வாய்விட்டுக் கேட்கவே இல்லை. இனி எதையும் நினைக்கக் கூடாது என்று மேஜையையே பார்த்தாள். மனம் சொன்னபடி கேட்குமா? ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் அம்மாவின் முகம் தானாக வந்து நின்றது.

அவர் முதல்முறையாகத் தயங்கினார்.

"இதை மட்டும் கேட்காதீங்க மேடம். இப்பவே கிளம்புங்க."

அவள் ஓடினாள். "வந்துட்டியாடி" என்று கேட்க அம்மாவுக்கு இன்னும் குரல் இருந்தது. மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் முடிந்து அலுவலகம் திரும்பியவள் அவரை எடுக்கவில்லை. அவரைவிடத் தகுதியான ஆள் வரவில்லை என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் தினமும் அவர் கண்ணெதிரே உட்கார்ந்து எதையாவது நினைத்துக்கொண்டிருக்க அவளால் முடியாது. தகவல் சொல்லப் போனை எடுக்கக் கை நீட்டினாள். அதற்குள் மணி அடித்தது.

"பரவாயில்ல மேடம்," என்றது அவர் குரல். "நானா இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்."