அத்தாவை முன் சீட்டில் கட்டி ஓட்டியவள்

பெரியத்தா, என்னைப் பெற்ற அத்தாவுக்கு அண்ணனான நீங்கள் பொய் சொன்னீர்கள். என் தம்பியின் கல்யாணப் பந்தலில் மைக்கைப் பிடித்து, "என் தம்பி படுத்தபிறகு நான்தான் அவன் வண்டியை ஓட்டி இந்தப் பிள்ளைகளை ஆளாக்கினேன்" என்றீர்கள். அதைக் கேட்ட என் உம்மா பந்தி பரிமாறப் போய்விட்டாள். நான் அப்படிப் போகமாட்டேன்.

அந்த வண்டி என்றதும் எனக்கு முதலில் வருவது கழுவிய கேரட்டும் ஈரச் சாக்கும் டீசலும் கலந்த வாசனைதான். ஊட்டிப் பக்கம் கேத்தியில் கேரட் ஏற்றி, மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குவது அத்தாவின் தொழில். அதற்கு முன் ஏமன் நாட்டு ஏடனில் வேலை பார்த்தபோது உம்மாவைக் கட்டிக் கூட்டிவந்தார். அங்கேயே வண்டி ஓட்டிப் பழகியவளை, இங்கே யாரும் சாவியைத் தொடவிடவில்லை. ஊரில் அவளுக்குப் பெயர் "அரபுக்காரி". கேரட் கழுவும் பெண்களிடம்தான் அவள் தமிழ் கற்றாள்.

நான் நாலாவது படிக்கையில் அத்தாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறியது. உம்மா ஊட்டிக்குப் போய் லைசன்ஸ் வாங்கிவந்தாள். அவள் சாவியை எடுத்த காலையில் நீங்கள் வாசலை மறித்து நின்றீர்கள்.

"படுத்த புருசன உட்டுப்போட்டு எங்க புள்ள கெளம்பற? ஊரு சிரிக்கும்."

"உட்டுப்போட்டுப் போகலீங்க மச்சான். கூட்டிட்டுப் போறனுங்க."

அத்தாவைத் தூக்கி முன் சீட்டில் உட்காரவைத்து, தன் கறுப்புத் துப்பட்டாவால் சீட்டோடு சேர்த்துக் கட்டினாள். கேரட் கழுவும் மாரியக்கா, "ஏனுங்க அரபுக்காரம்மா, மூட்டையோட மூட்டையா அண்ணனையும் மண்டில எறக்கிராதீங்க" என்றாள்.

"வெல படிஞ்சா பாக்கலாங்க" என்றாள் உம்மா. அத்தா கோணிய வாயோடு சிரித்தார். நோய் வந்தபிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஏடனில் சாலையின் வலப்பக்கம்தான் ஓட்டுவார்கள். முதல் வளைவிலேயே உம்மா பழக்கத்தில் வலப்பக்கம் ஏறிவிட்டாள். எதிரே பஸ். அத்தா நல்ல கையால் முன்பலகையை ஓங்கி அடித்தார். வண்டி இடப்பக்கம் திரும்பியது. அதன்பிறகு ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவர் ஒரு தட்டுத் தட்டுவார். உம்மாவுக்குப் பழகிப்போன பின்னும் அந்தத் தட்டு நிற்கவில்லை, அவளும் நிறுத்தச் சொல்லவில்லை. மலைப்பாதை நடுவே பர்லியாரில் வண்டியை ஓரங்கட்டி, மங்குஸ்தான் பழம் உரித்து ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டுத்தான் மறுபடி கியர் போடுவாள். லீவு நாட்களில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து நான் அதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் ஒருநாள்கூட அந்த வண்டியில் ஏறியதில்லை.

வயிற்றுப்பாட்டுக்காக அவள் ஓட்டும்வரை ஊர் பொறுத்துக்கொண்டது. என் தம்பி லைசன்ஸ் வாங்கியதும் நீங்கள் மறுபடி வந்தீர்கள்.

"பையன்தான் கைக்கு வந்துட்டான்ல, இனி சாவியக் குடு."

"ஓட்டறது எனக்குப் புடிச்சிருக்குதுங்க மச்சான்."

அந்த ஒரு சொல்லைத்தான் உங்களால் இன்றுவரை தாங்க முடியவில்லை. அவள் சாவியைக் கொடுக்கவில்லை. அத்தா கண்மூடும்வரை அவரை ஏற்றிக்கொண்டும், அதன்பின் தனியாகவும் மலை இறங்கி ஏறினாள்.

இப்போது அத்தா இல்லை. வண்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது. அவர் தட்டித் தட்டிப் பள்ளமான முன்பலகையும் அதோடு போயிற்று. சாட்சியாகக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை. அதனால் உங்களிடமே கேட்கிறேன். வரும் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும், பந்தலில் உங்களுக்குக் கைதட்டிய அதே ஆட்கள் முன்னால் பள்ளிவாசல் முற்றத்தில் நின்று சொல்லுங்கள், அந்த வண்டியை ஓட்டியது யார்? அரபுக்காரி என்று சொல்லாதீர்கள். அவள் பெயர் சல்மா.