மீதி நாற்பது

ஃபிரிட்ஜ் கீங் கீங் என்று கத்திக்கொண்டே இருந்தது. கிழவர் அசைந்து கொடுக்கவில்லை. பாதி சாத்திய கதவில் நடுவிரல் முட்டியால் மூன்று தட்டு தட்டிவிட்டு, காதை உள்ளே சாய்த்துக்கொண்டு, உதடு அசைய எண்ணிக்கொண்டு நின்றார். அறுபது வந்தால்தான் கதவை மூடுவார். அதற்குள் பால் கெட்டுவிடும் என்று மருமகள் நூறு தடவை சொல்லியாகிவிட்டது. செவிடன் காதில் ஊதிய சங்குதான். அவரைச் செவிடர் என்பதும் பாவம். எழுபத்தாறு வயதில் அவருக்கிருந்த காது அந்தக் கட்டிடத்தில் யாருக்கும் கிடையாது.

ஃபிரிட்ஜ் மட்டுமா? பீரோ, குளியலறை, செருப்பு அலமாரி, சூட்கேஸ், மூடுகிற எதுவானாலும் மூன்று தட்டு, அறுபது எண்ணிக்கை. ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது டாக்சி டிக்கியைத் தட்டிக்கொண்டு நின்றார். "பெரியவரே, உள்ள யாரையாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா?" என்றார் டிரைவர். கிழவர் சிரிக்கவில்லை. "யாரும் இல்லைன்னு தெரிஞ்சாத்தானே தம்பி மூட முடியும்?" என்றார். தெருவில் அவருக்கு 'மூணு தட்டு' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "சுவத்துக்குக் காது இருக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன், உங்க மாமனார் வாயும் இருக்கும்னு நினைக்கிறாரே!" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டபோது மருமகளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். கரி வெட்டவில்லை, சுவர் கட்டினார். பூமிக்கு அடியில் கொத்தனாருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. கரி எடுத்து முடிந்த பாதைகளை அடைக்க வேண்டும், காற்றைத் திருப்பிவிட வேண்டும், தீப்பிடித்தால் அந்தப் பக்கத்தையே அடைத்துத் தீக்கு மூச்சு முட்ட வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் செங்கல்லும் சிமென்டும்தான். நெற்றியிலும் புறங்கையிலும் காயம் ஆறிய இடங்களில் கரித்தூள் உள்ளேயே தங்கி, நீலக் கோடுகளாக நின்றுவிட்டது. பேனா மை என்று நினைத்துத் துடைக்கக் காகிதம் நீட்டுகிறவர்களிடம் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்.

சாப்பிட்டால் தட்டில் ஒரு வாய் மிச்சம் வைப்பார். அது எலிக்கு. "எலி ஓடுனா நாமளும் ஓடணும்மா. கூரை விழப் போறது அதுக்குத்தான் முதல்ல தெரியும். அதுக்கு ஒரு வாய் வைக்காம இருக்கலாமா?" என்பார். மூன்றாவது மாடி வீட்டில் எலிக்கு எங்கே போவது? மருமகள் அதை எடுத்துக் குப்பையில் போடுவாள். அவர் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்.

போன வருடம் ஒரு மத்தியானம். மருமகள் சாமான் அறையில் ஏணி மேல் நின்று பழைய பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தாள். காற்றுக்குக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. அந்தப் பக்கமாக வந்த கிழவர் வழக்கம்போல் மூன்று தட்டு தட்டினார். அவளுக்கு விளையாட்டுப் புத்தி. சிரிப்பை அடக்கிக்கொண்டு, உள்ளேயிருந்து மூன்று தட்டு திருப்பித் தட்டினாள்.

மாமா சிரிப்பார், இல்லையென்றால் திட்டுவார் என்று காத்திருந்தாள். பிறகு கதவின் அடியிலிருந்து, தரையோடு வாயை வைத்துப் பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது. அவர் குரல்தான், ஆனால் இருமலும் கரகரப்பும் இல்லாத இளவயசுக் குரல்.

"மூணு பேரும் இருக்கீங்களா?"

ஏணியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று இன்றும் அவளுக்குத் தெரியாது. கதவைத் திறந்தால், கிழவர் தரையில் மண்டியிட்டு, ஒரு கையால் காதைக் குவித்துக்கொண்டிருந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். அவளைப் பார்த்ததும் முகம் அப்படியே சுருங்கிப்போயிற்று. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

"நீயாம்மா..." என்றார்.

சமையலறையில் உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தாள். அவராகவே சொன்னார்.

"உள்ள தீ. புகை இந்தப் பக்கமும் வர ஆரம்பிச்சிருச்சு. எண்ணிப் பாத்தா மூணு பேரைக் காணோம். அடைக்கலைன்னா மேல ஏறிக்கிட்டிருக்கிற நூறு பேரும் போயிருவாங்க. கட்டுன்னாங்க, கட்டினேன். கடைசிக் கல்லு வைக்கிறதுக்கு முன்னாடி மூணு தட்டு தட்டி, அறுபது எண்ணிக் கேக்கணும். அதான் முறை. உயிரோட இருக்கிறவன் திருப்பித் தட்டுவான். தட்டினேன். எண்ணிக்கிட்டே இருக்கேன், இருபதுல சூப்பர்வைசர் 'போதும், வை'ன்னுட்டாரு. வச்சுட்டேன்."

"ஏதாவது கேட்டுச்சா மாமா?"

"இருபது வரைக்கும் ஒண்ணும் கேக்கல." டம்ளர் விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். "மீதி நாப்பதுல கேட்டிருக்கலாம்ல?"

அந்தச் சுவரை அதற்கப்புறம் யாரும் உடைக்கவில்லை. சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். 'உங்க மேல தப்பில்ல மாமா' என்பதெல்லாம் நாற்பது வருடமாக அவரே தனக்குச் சொல்லிப் பார்த்து அலுத்த பேச்சு.

"எனக்கு ஒண்ணு செய்யணும்மா," என்றார். "என்னைப் பெட்டியில வச்சு மூடுறப்போ தட்டிக் கேளு. முழுசா அறுபது. எம்பையன் வெக்கப்படுவான். நீ செய்வ."

"என்ன பேச்சு மாமா இது? வாயைக் கழுவுங்க."

"செய்வியா, மாட்டியா?"

"செய்றேன்."

அன்றிலிருந்து ஃபிரிட்ஜ் கத்தினால் அவள் பேசுவதில்லை. பால் கெட்டால் கெட்டுப் போகிறது என்று விட்டுவிட்டாள். சில நாள் அவர் எண்ணி முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். வேறு எதையும் காதில் வாங்காமல் ஒரு நிமிடம் நின்றால் வீடு எத்தனை சத்தம் போடுகிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அது அவளுக்குப் பிடிக்கவும் இல்லை.

இந்த மழைக்காலத்தில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நெஞ்சுக்குள் முப்பத்தொரு வருடத் தூசி. பாத்திரம் தேய்க்கிற மாதிரி மூச்சு. கட்டிலை ஒட்டிய சுவரை மட்டும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அறை கிடையாது. வெறும் காற்று, கீழே தெரு.

கடைசி நாள் காலை பதினொரு மணி இருக்கும். மகனும் மருமகளும் பக்கத்தில் இருந்தார்கள். மூன்று தட்டு தட்டினார். உதடு அசைந்தது. அவளும் கூடவே மனதுக்குள் எண்ணினாள். முப்பது தாண்டிற்று, நாற்பது தாண்டிற்று. டக். கொஞ்சம் இடைவெளி. டக். டக். சுவருக்குள்ளிருந்து, நிதானமாக.

"குழாய்ல காத்து," என்றான் மகன், செல்போனிலிருந்து தலையை எடுக்காமல்.

தொட்டி கழுவுவதற்காக அன்று விடியற்காலையிலிருந்தே கட்டிடம் முழுக்கத் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். குழாய்கள் காலி, வாளி வாளியாகப் பிடித்து வைத்தவள் அவள்தான்.

கிழவர் அவளைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தே அவளுக்கும் கேட்டுவிட்டது என்று புரிந்துகொண்டார்.

"நாப்பத்தொண்ணுலம்மா," என்றார். "அப்பவும் தட்டியிருப்பாங்க."

உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி வைத்துக்கொண்டார். மூச்சு போன பிறகும் கொஞ்ச நேரம் கை அங்கேயே நின்றது.

மறுநாள் கூடத்தில் பெட்டி வந்து இறங்கியது. புது மர வாசனை. சொந்தக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர், எதிர்வீட்டு அக்கா, ஸ்குரூ முடுக்குகிற ஆயுதத்தோடு வண்டிக்காரர். மூடியை எடுத்துப் பொருத்தினார்கள். மருமகள் நடுவிரல் முட்டியைத் தடவிக்கொண்டு நின்றாள். தட்டாவிட்டால் சொன்ன சொல் போச்சு. தட்டினால், நேற்றுச் சுவர் பேசிய மாதிரி இதுவும் பேசிவிட்டால்? இத்தனை பேர் நடுவில் அப்புறம் யார் இதை மூடுவது?

முன்னால் போய் மண்டியிட்டாள். "வேணாம், எல்லாரும் பாக்கிறாங்க," என்று கணவன் காதோரம் கெஞ்சினான். "பாக்கட்டும்," என்றாள். நடுவிரலை மடக்கி, மாமா தட்டுகிற மாதிரியே மூன்று தட்டு. மரத்தில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

யாரோ செருமினார்கள். யாரோ, "பாவம், அதிர்ச்சில இருக்கு," என்று கிசுகிசுத்தார்கள். பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

வண்டிக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு இன்னும் இரண்டு வீடு போக வேண்டும். "போதும்மா, நேரமாச்சு. மூடிரலாம்," என்று ஆயுதத்தை மூடியின் மேல் வைத்தார்.

அவள் காதை எடுக்கவில்லை. கண்ணையும் திறக்கவில்லை. ஒரு கையை மட்டும் உயர்த்தி, ஐந்து விரலையும் விரித்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இருபத்தொண்ணு," என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.