சோப்புப் போட்ட கரி

வீட்டிலும் பண்ணையிலும் அவளுக்குக் கரிக்காரி என்றுதான் பேர். புருஷன் போனபிறகு அண்ணன் வீட்டோடு வந்தவள். அப்பா விட்டுப்போன காய்கறி நாற்றுப்பண்ணையில் அவளும் பாதிப் பங்குக்காரி. விதையும் வியாபாரமும் அண்ணன் பாடு. நாற்று முளைக்கிற குழித்தட்டுகளுக்குக் கலவை போடுவது இவள் பாடு.

அந்தக் கலவையில் மண்ணே கிடையாது. தேங்காய் நார்த்தூள், மக்கின எரு, கூடவே கரித்தூள். காய்ந்த குச்சிகளை மூடின டிரம்முக்குள் புகையவிட்டு அவளே எடுக்கிற கரி. அதை அப்படியே போட்டுவிடக்கூடாது. புதுக்கரிக்கு அகோரப் பசி. நாற்றுக்கு வைத்த சாப்பாட்டை அதுவே தின்றுவிடும். அதனால் எருத்தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டு, அதன் வயிறு நிறைந்தபிறகுதான் கலப்பாள். ஊறுகிற தொட்டியின் வாடை கொல்லையிலிருந்து சமையலறைவரை வரும். அண்ணியோ சுத்தக்காரி. விளக்குமாற்றுக் காம்பைக்கூடக் கழுவி வைக்கிற ஆள்.

இந்தத் தடவை தக்காளித் தோட்டக்காரர் ஒருவர் வந்து, "உங்க தங்கச்சி போடுற கலவைன்னா கண்ணை மூடிக்கிட்டு வாங்குவேன்" என்று அண்ணனிடம் சொல்லி, தோட்டம் முழுமைக்கும் நாற்று கேட்டுவிட்டுப் போனார். கரிக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஊறின கரியை வடித்து நிழலில் உலரப்போட்டுவிட்டு, உடம்பு சரியில்லாத சித்தியைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது கரி காய்ந்து, மூட்டையாகக் கட்டித் தயாராக இருந்தது. அண்ணிக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று மெச்சிக்கொண்டாள். கரிக்காரிக்கோ சளி, மூக்கே அடைத்திருந்தது. கலவை போட்டு, கடவுளை நினைத்துக்கொண்டே விதை ஊன்றினாள்.

முளைத்தது. இலை விடும்போதே வெளுத்தது. அப்புறம் மஞ்சள் பூத்து, தலை தொங்கிப் போயிற்று.

அண்ணன் வேலையாட்கள் முன்னாலேயே பிடித்துக்கொண்டான். "கரி கரின்னு குதிச்சியே. இப்போ என் மூஞ்சியில பூசிட்டே. இனிமே அந்த டிரம் இங்க இருக்கக்கூடாது. தக்காளிக்காரர் நாளைக்கு வர்றார். உன் கரியாலதான் போச்சுன்னு நானே சொல்லிடறேன்."

பக்கத்தில் நின்ற அண்ணி தூணில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கரிக்காரி நாற்றுக்குத் தண்ணீர் காட்டப் போனாள். பூவாளியால் மெல்லத் தூவுவதுதான் வழக்கம். அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் குவளையால் மொண்டு மொண்டு ஊற்றினாள். தட்டின் அடியோட்டை வழியாக வெள்ளை வெள்ளையாக நுரை வந்தது. தொட்டு முகர்ந்தாள். துணி துவைக்கிற சோப்புத்தூள் வாசம். ஓடிப்போய் மிச்சக்கரி இருந்த மூட்டையை அவிழ்த்தாள். முகம் கழுவிவிட்ட பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்தது கரி.

நேரே சமையலறைக்குப் போனாள்.

"அண்ணி, என் கரியைக் கழுவினீங்களா?"

"விருந்தாளிங்க வர்ற அன்னைக்கு வீடே நாறிச்சு. வெறும் தண்ணிக்கு அது போகல. அதான் கொஞ்சம் தூள் போட்டேன்."

"கொஞ்சமா?"

"ஒரு பாக்கெட்."

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். "கழுவினது தெரியாத்தனம், அதை விடுங்க. அண்ணன் என்னை எல்லார் முன்னாலயும் கிழிச்சப்போ உங்க வாய் எங்க போச்சு?"

சத்தம் கேட்டு வந்த அண்ணன், விஷயம் தெரிந்ததும் தலையைச் சொறிந்தான். "சரி விடு. வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டும். அவர்கிட்ட கரின்னே சொல்லிடுவோம். உங்க அண்ணி பேர் கெடக்கூடாது பாரு."

"அவங்களுக்குப் பேர் இருக்கு. எனக்கு இல்லையா?" குரல் உயரவில்லை. "தினமும் சாமி முன்னால கை கூப்பறவ நான். உன் பொய்க்கு என் கரியைத் தரமாட்டேன். அந்த மனுஷர் என் கையை நம்பி வர்றார். செஞ்சவங்க சொல்லட்டும். இல்லேன்னா இனிமே இந்தப் பண்ணைக் கலவையில என் கை படாது."

மறுநாள் தக்காளிக்காரர் வந்ததும் அண்ணன் தொண்டையைக் கனைத்துக் கனைத்து நின்றான். அண்ணிதான் ஈரக்கையோடு முன்னால் வந்தாள். "நான்தாங்க கரியைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டேன். இவ மேல தப்பில்ல."

அவர் அண்ணியையும் நாற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "அதான் இப்படி வெளுத்திருக்கு. நல்ல தூள்தாம்மா." பிறகு கரிக்காரி பக்கம் திரும்பினார். "நீங்க மறுபடி போடுங்க. நான் நடவைத் தள்ளி வச்சுக்கறேன்."

அண்ணன் மட்டும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. "அதான் சரியாப் போச்சே" என்று நகர்ந்துவிட்டான். ஊர் பார்க்கத் திட்டத் தெரிந்த வாய்க்கு, தங்கச்சியிடம் தப்பென்று சொல்ல மட்டும் தெரியாதாம். மன்னிக்கிற மனசைக் கொடு என்று அவள் கடவுளிடம் கேட்டாள். கேட்டாளே ஒழிய, கோபம் முழுசாக இறங்கவில்லை.

புதுக்கரி ஊறுகிற தொட்டியைக் கொல்லையிலிருந்து நகர்த்தி, அண்ணன் சாப்பிட உட்கார்கிற ஜன்னலுக்கு நேர் கீழே வைத்தாள். அங்கேதான் நிழல் நன்றாக இருக்கிறதாம்.

மத்தியானம் அண்ணன் மூக்கைச் சுளித்து வாயைத் திறந்தான். அண்ணி அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

"பேசாம சாப்பிடுங்க" என்றாள்.