டெய்லரின் கழுத்தளவு

அந்த டெய்லருக்குப் பட்டப்பெயர் அரை இஞ்சு. யார் எதிரே வந்தாலும், "தோள் அரை இஞ்சு எறக்கம்" என்று சொல்லாமல் விடமாட்டார். கல்யாணத்தன்று முகத்தைப் பார்க்காமல் ஜாக்கெட் கையையே பார்த்துக்கொண்டிருந்த மனுஷன் என்று அவர் மனைவி இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்காட்டுகிறாள். வீட்டு முன்னறைதான் கடை. அவர் வெட்டித் தைப்பார். காஜா எடுப்பதும் பட்டன் வைப்பதும் அவள் வேலை.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு நாக்கில் புற்றுநோய். பாதி நாக்கையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டு, கதிர்வீச்சுக் கரண்டும் வைத்தார்கள். அதற்குப்பின் அவர் பேசுவது அவள் ஒருத்திக்குத்தான் புரியும். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, "கழுத்தைத் தடவிப் பாருங்க, வீக்கம் தெரிஞ்சா உடனே வாங்க" என்றார். அரை இஞ்சுக்கு விரலில் ஏது நம்பிக்கை? அளவு டேப்பைக் கையில் எடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் காலையில் ஸ்டூலில் உட்காருவார். அவள் டேப்பைச் சுற்றி அளவைச் சொல்ல, அவர் நோட்டில் எழுதிக்கொள்வார். பதினைந்தரை. அது ஏறிவிடக்கூடாது என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு கவலை கிடையாது. 

இந்த வருடம் அது பதினைந்தானது, பிறகு பதினாலரை. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"வத்திப்போச்சு பாத்தியா? போயே போச்சு!"

அப்போது பள்ளிக்கூட யூனிபார்ம் மலையாகக் குவிந்திருந்தது. வளர்கிற பிள்ளைகள் என்று ஒவ்வொன்றிலும் உள்ளே ஒரு இஞ்சு துணி விட்டுத் தைப்பார். அடுத்த வருடம் பிரித்துவிடலாம். "கழுத்துதான் நல்லா இருக்கே, ஆஸ்பத்திரில போய் எதுக்குத் தவம் கெடக்கணும்?" என்று ஒரு செக்கப்பைத் தள்ளிப்போட்டார். அவளும் தலையாட்டினாள். உண்மையைச் சொன்னால் அவளுக்குத்தான் நிம்மதி. அந்த பெஞ்சும் டோக்கனும் அவளுக்கு அலுத்துப்போயிருந்தன. இருமலுக்குப் பழியைத் துணித்தூசி மேல் போட்டார்கள். நடுவில் அவருடைய பேன்ட் இடுப்பை இரண்டு தடவை பிடித்தாள், காலர் பட்டனை ஒரு தடவை தள்ளி வைத்தாள். ஊரான் உடம்பையெல்லாம் கண்ணாலேயே அளக்கிற வீட்டில் இது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

இருமலில் ரத்தம் வந்த அன்று ஓடினார்கள். ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் சட்டை பட்டன் அளவுக்கு வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. டெய்லர் அளவு நோட்டை நீட்டினார். டாக்டரம்மா அதைக் கடைசிப் பக்கம்வரை புரட்டிப் பார்த்துவிட்டு அவளிடம் திரும்பினார்.

"கழுத்து மட்டும் இல்லம்மா, ஆளே எளைச்சிருக்கார். நாக்குல வர்ற நோய் மொதல்ல கழுத்து நெறிக்கட்டிக்குத்தான் வரும். அங்கேர்ந்து ரத்தத்துல கலந்துட்டா, பெரும்பாலும் மொதல்ல நுரையீரல்லதான் போய் மாட்டும். அங்க ரத்தக் குழாயெல்லாம் நூலை விடச் சன்னம். சிலருக்கு எலும்பு, ஈரல்னு போகும்."

"அப்ப இது வேற கேன்சரா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல, அதே நாக்கு கேன்சர்தான். ஆபரேஷனுக்கு முன்னாடியே நாலு அணு கெளம்பிப் போயிருக்கலாம். கழுத்து சுத்தமா இருந்தாலும் அது அங்க வளரும்."

"போன செக்கப்புக்கு வந்திருந்தா?"

"கொஞ்சம் முன்னாடி தெரிஞ்சிருக்கும். மருந்தும் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கலாம். இப்பவும் அடக்கி வைக்கப் பாக்கலாம். முழுசா போக்க முடியாதும்மா."

அவளுக்கு அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது. அந்த பெஞ்சிலேயே படுத்துவிடலாம் போலிருந்தது. செக்கப்புக்குத் தலையாட்டியது நினைவுக்கு வந்து தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. அவர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தார்.

அடுத்த ஞாயிறு அவர் வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்தார். டேப்போடு கழுத்துக்குப் போன அவள் கையைப் பிடித்து மார்பில் வைத்தார்.

"மொத்தமா எடு. எனக்கு ஒரு சட்டை. எல்லாம் லொடலொடன்னு தொங்குது. மருந்து ஏத்திக்க இப்படியா போறது?"

அவள் ஒவ்வொரு அளவையும் குரல் மாறாமல் சொன்னாள். அவர் துணியை விரித்துச் சாக்பீஸால் கோடு போட்டார். அதற்குள் மூச்சு வாங்கியது. கத்தரியை அவளிடம் கொடுத்தார்.

"கோட்டை ஒட்டியே வெட்டு. தையலுக்கு மட்டும் விடு. பிரிச்சுவிடவா போறோம்?"

"சரிங்க" என்று வெட்டினாள். அவளே தைத்து முடித்தாள்.

போட்டுப் பார்த்தார். அளவு எடுத்து வைத்தமாதிரி இருந்தது. ஆனால் அரை இஞ்சுக்கு உள்பக்கத்தைப் பார்க்காமல் இருக்க முடியுமா? கழற்றித் திருப்பினார். இரண்டு ஓரத்திலும் உள்ளே முழுசாக ஒரு இஞ்சு துணி மடிந்து கிடந்தது.

"கோட்டை ஒட்டி வெட்டச் சொன்னேனே?"

"ஒடம்பு தேறினா பிரிச்சுவிடணும்ல" என்றாள். அப்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது.

அவர் அந்த மடிப்பை விரலால் நீவிப் பார்த்தார். தப்பு சொல்லவில்லை. சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு, பட்டன் போட்டுவிடச் சொல்லி அவள் எதிரே நின்றார்.