சதை போட்ட முகம்

துறைமுகத்தில் கண்டெய்னர் லாரியை ரிவர்ஸ் எடுப்பதில் ஜெயசிங்கை மிஞ்ச ஆள் கிடையாது. நாசரேத்துக்காரன், இருபது வருடம் என்னோடு ஓட்டியவன். ஒரு நாள் காலை டீக்கடை பெஞ்சில் டம்ளரோடு சரிந்தான். "பித்தம்லே, எலுமிச்சம்பழ ஜூஸ் குடி" என்றோம். அடுத்த மாதம் கேட் வாசலில், லாரியை நிறுத்தி இறங்கியதும் விழுந்தான். அப்போதும் பித்தம் என்று சொன்ன மடையர்களில் நானும் ஒருவன்.

மதுரையில் ஸ்கேன் எடுத்தார்கள். சார்காய்டோசிஸாம். வாயில் நுழையாத பேர், ஆனால் அவன் நெஞ்சுக்குள் நன்றாகவே நுழைந்திருந்தது. இதயத் தசையில் பொடிப்பொடியாய்க் கட்டிகள். துடிக்கச் சொல்லும் மின்சாரம் போகிற வழியை அவை மறிக்கின்றன.

"புற்றும் இல்ல, காசநோயும் இல்ல. ஆனா இதயம் ரத்தத்தைத் தள்ளுற பலம் ஏற்கெனவே குறைஞ்சிருக்கு. அப்படி உள்ளவங்களுக்குத்தான் ஆபத்து அதிகம். ஸ்டீராய்டு மாத்திரையை நான் சொல்லாம நிறுத்தவே கூடாது" என்றார் டாக்டர். துடிப்பு தறிகெட்டால் ஷாக் கொடுக்க, தோளெலும்புக்குக் கீழே ஒரு கருவியை வைத்துத் தைத்தார்கள். லாரி ஓட்டவும் தடை. கேட்டில் சீட்டு பார்க்கிற வேலை கிடைத்தது.

மூன்று மாதத்தில் அவன் முகம் உருண்டு திரண்டது. அது மாத்திரையின் வேலை என்று எங்களுக்கு எங்கே தெரியும்? எங்கள் பக்கம் சீக்காளி சதை போட்டால் தேறிவிட்டான் என்று அர்த்தம், அவ்வளவுதான். பார்த்தவர்களெல்லாம் அதையே சொன்னார்கள். நான் ஒரு படி மேலே போனேன்.

"ஏலே, புதுமாப்பிள்ளை கணக்கா இருக்கே. நல்லா தேறிட்டியே, இன்னும் எதுக்குல அந்த மாத்திரை? நிறுத்தித் தொலை!"

அவன் சிரித்தான்.

மனைவி ஜெப்ஸி எடுத்துக் கொடுத்த மாத்திரையை அன்றிலிருந்து வாஷ்பேசினில் போட்டிருக்கிறான். இது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. முகம் வடிந்தது. "வெயிலுல்லா" என்றான். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. "வயசாகுதுல்லா" என்றான். மாத்திரையை நிறுத்திய ஐந்தாம் மாதம், என் லாரியின் சீட்டை வாங்கக் கை நீட்டியவனை, நெஞ்சில் யாரோ எட்டி உதைத்தது போல அந்தக் கருவி தூக்கி எறிந்தது. எழ முயன்றான், மறுபடி எறிந்தது. மொத்தம் நான்கு முறை. ஐயோ, அந்த அலறல்!

மறுபடி மதுரை. டாக்டர் துருவிக் கேட்டதும், மாத்திரையை நிறுத்தியதை ஒப்புக்கொண்டான். நூற்றுக்கு நாற்பத்தைந்தாக இருந்த இதயத்தின் பலம் இருபத்தைந்து ஆகியிருந்தது.

"கட்டி இருந்த இடமெல்லாம் தழும்பாயிடுச்சு. மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கலாம். ஆனா தழும்பை அது ஆத்தாது. இனி எவ்வளவு நாள் தாங்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

அவர் போனதும் ஜெப்ஸி கட்டிலைப் பிடித்து உலுக்கினாள். "நிறுத்தச் சொன்ன பாவி யாரு? சொல்லுங்க, அவன் சட்டையப் பிடிக்கேன்!"

ஜெயசிங் என்னைப் பார்க்கவே இல்லை. "ஏளா, யாரும் சொல்லல. நானாத்தான் நிறுத்துனேன்" என்றான்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "கூடவே இருந்தியளே அண்ணே, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"எனக்குத் தெரியாதே தங்கச்சி" என்றேன்.