ஒரு கைப் பருப்பு

எங்கள் பக்கம் முந்திரி ஆலையை யாரும் ஆலை என்று சொல்வதில்லை. அண்டி ஆபீஸ். பேருதான் ஆபீஸ் என்று கேலி பேசிக்கொண்டே கருங்கல் ஊரிலிருந்து பஸ் ஏறுவோம். பருப்பில் ஒட்டியிருக்கும் தொலியை உரிப்பது என் வேலை. உரித்த எடைக்குத்தான் கூலி.

அங்கே எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒருத்திக்குக் காய்ச்சல், இடுப்பு வலி, வீட்டில் சாவு என்றால், சாயங்காலம் எடை போடுவதற்கு முன் அவள் தட்டில் ஆளுக்கு ஒரு கைப் பருப்பு போடுவோம். வாங்கியவள் நன்றி சொல்லமாட்டாள். போட்டவளும் அதை மனதில் வைத்துக்கொள்ளமாட்டாள். நாளைக்கு யார் தட்டு குறையும் என்று யாருக்குத் தெரியும்?

எனக்கு எதிரே இருந்த அக்காவுக்கு ஒரு மழைக்காலக் காய்ச்சலுக்குப் பிறகு விரல்கள் சரியாக மடங்கவில்லை. புருஷன் இல்லை. மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்பு முடியும்வரை இழுத்துப்பிடித்தால் போதும் என்று அக்கா நினைத்தாள், நாங்களும் நினைத்தோம். தினமும் அக்கா தட்டில் எங்கள் கைப் பருப்பு விழுந்தது.

அப்போதுதான் புது மேனேஜர் வந்தார். வெளியூரில் நிர்வாகம் படித்தவர். ஆசையும் பயமும் இல்லாமல் மனுஷன் வேலை செய்யமாட்டான் என்று கூட்டம் போட்டுச் சொன்னார். எங்களைத் தனித்தனி மேசைக்குப் பிரித்தார். மாதாமாதம் சிறந்த பணியாளரின் போட்டோ சுவரில் ஏறும். எடையில் கடைசியாக வருகிறவள் வீட்டுக்குப் போகவேண்டும். அடுத்தவள் தட்டில் பருப்பு போடுவது ஏமாற்று, பிடிபட்டால் இரண்டு பேருக்கும் வேலை இல்லை என்றார். அன்று எனக்கு வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எதற்காக வேலைக்கு வருகிறீர்கள் என்று எங்களில் ஒருத்தியிடமாவது அவர் கேட்டிருக்கலாம்.

முதல் மாதமே அக்காவை நிறுத்தினார்கள். பையை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"உங்க மேல வருத்தம் ஒண்ணும் இல்ல மக்கா. நீங்க போட்டுத்தானே இவ்வளவு நாளு இங்க இருந்தேன்" என்றாள்.

அந்த மாதத்துச் சிறந்த பணியாளர் நான். தோவாளைப் பூச்சந்தையிலிருந்து மாலை வந்திருந்தது. முன்பைவிட என் தட்டின் எடை கூடியிருப்பதைக் காட்டி, போட்டி வைத்ததால் வந்த உழைப்பு இது என்று மேனேஜர் மைக்கில் பேசினார். நீங்களே காரணத்தைச் சொல்லுங்கள் என்று மைக்கை என்னிடம் நீட்டினார். நான் கூடுதலாக ஒரு பருப்புகூட உரிக்கவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

"அக்காவுக்குப் போடுத பருப்பு இப்ப எனக்க தட்டிலயே கெடக்கு சாரே. வேற ஒண்ணும் இல்ல."

மேனேஜருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கேட்டீங்களா? அவங்கவங்க பருப்பு அவங்கவங்க தட்டுல. இதைத்தான் நான் முதல்லயே சொன்னேன்" என்று எல்லோரையும் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள்.

அக்காவின் மகள் நர்சிங்கைப் பாதியில் விட்டுவிட்டு எங்கள் அண்டி ஆபீசுக்கே வந்துவிட்டாள். என் போட்டோவுக்குக் கீழேதான் அவள் மேசை. வேலைக்குப் புதுசு, கை இன்னும் பழகவில்லை. சாயங்காலம் அவள் தட்டு குறைவாகத் தராசுக்குப் போகிறது. நான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.