முழங்கை வரை கையுறை

ஓசூர் பக்கம் ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்புவது என் வேலை. ரிப்போர்ட் வர மூன்று நாள் ஆகும். அதுவரை குளிப்பவர்களிடம் வாயைத் திறக்கக் கூடாது என்பதில் நான் கறாராக இருந்தேன்.

அன்று ஞாயிறு, கம்பெனிகளுக்கு லீவு. மூக்கண்டப்பள்ளித் தொழிலாளர் குடும்பங்கள் படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தன. நுரை ஒதுங்கிய ஓரத்தில் நான் பாட்டிலை நிரப்பியபோது, மகளுக்குத் தலை தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் கேட்டார்: "சார், தண்ணி நல்லாருக்குதா?"

"ரிப்போர்ட் வந்தாதாம்மா சொல்ல முடியும்."

"அப்ப நீங்க ஏன் சார் முழங்கை வரைக்கும் கிளவுஸ் போட்டுக்கினு எடுக்கறீங்க?"

அவர் மகளைத் தூக்கிக்கொண்டு கரையேறி, தெலுங்கிலும் கன்னடத்திலும் மற்றவர்களைக் கூப்பிட்டார். சற்று நேரத்தில் படித்துறை காலி. மூன்று நாள் கழித்து ரிப்போர்ட்டும் அதையேதான் சொன்னது: குளிக்க ஏற்றதல்ல. இத்தனை நாளும் என் கையை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் பாட்டிலைத் திறக்கும் முன் கையுறையைத் தூக்கிக் காட்டி, "ரிப்போர்ட் வர்ற வரைக்கும் எறங்காதீங்க" என்று கத்திவிடுகிறேன். நல்ல மழைக்குப் பிறகு ஒருமுறை ரிப்போர்ட் நன்றாக வந்தது. அன்று எல்லோரும் பார்க்க, வெறுங்கையால் தண்ணீரை அள்ளி முகம் கழுவினேன். அதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பெண் மகளைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்.